மகனுக்கு லீவு இல்ல, வேலை போயிடுச்சு



வழக்கமா நான் இங்க போடுறது அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசி வந்தது, வெள்ளிக்கிழமை காய்கறி வெட்ட யார் வர்றீங்க, அந்த மாதிரி விஷயம்தான். இன்னிக்கு என் வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் நீளமா எழுதுறேன். மகன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "போடுங்கப்பா, ஆனா என் பேரும் படமும் வேணாம்"னு சொல்லிட்டான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனுக்கு வேலை போச்சு. பாயான் லெப்பாஸ்ல ஏழு வருஷம் பார்த்த வேலை. கம்பெனி அந்தப் பிரிவையே மூடிட்டாங்க. அன்னிக்கு மத்தியானம் ஹெச்.ஆர். ரூம்லேர்ந்து போன் பண்ணினான். "அப்பா, ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்தா ரெக்கார்டுக்கு நல்லா இருக்கும்னு சொல்றாங்க, கையெழுத்து போடட்டுமா?"

நான் எஸ்.பி.எம். படிச்சவன், அவ்வளவுதான். ஆனா 30 வருஷத்துக்கு மேல தொழிற்சாலையில இருக்கேன். 1998 நெருக்கடியில எங்க லைன்ல பாதிப் பேர் வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன். "போடாதே. அவங்கதான் உன்னை நிறுத்துறாங்க, நீயா நிக்கல. நிறுத்துற கடிதத்தை அவங்களே கொடுக்கட்டும்"னு சொன்னேன். அந்த ஒண்ணை மட்டும் நான் சரியாச் செஞ்சேன். அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் தப்பு.

கோயில்ல பல பேர் என்கிட்ட கேட்பீங்க, "அண்ணே, உங்க மகன் கம்ப்யூட்டர்தானே, அவனுக்கென்ன"ன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன், ஒரு மாசத்துல கிடைச்சிடும்னு. அவன் செய்யிற வேலைக்குப் பேரு ஃபர்ம்வேர். வாஷிங் மெஷின்ல பொத்தானை அழுத்தினா எவ்வளவு தண்ணி வரணும், எப்ப சுத்தணும்னு உள்ள ஒரு சின்ன சிப் முடிவு பண்ணுதுல்ல, அந்தச் சிப்புக்குள்ள உட்கார்ந்திருக்கிற புரோகிராம். இவன் எழுதினது அளக்கிற கருவிகளுக்கு. வெப்சைட் பண்றவங்க வேற, போன் ஆப் பண்றவங்க வேற, இவன் வேற. எல்லாருக்கும் வெளியில ஒரே பேருதான், கம்ப்யூட்டர் படிச்சவன்.

எங்க தொழிற்சாலையில ஒரே மெஷினை 20 வருஷம் பார்த்த டெக்னீஷியன் இருப்பார். அந்த மெஷினோட சத்தம் மாறினாலே என்ன கோளாறுன்னு சொல்லிடுவார். அந்த மெஷினைத் தூக்கிட்டா அவருக்கு அடுத்த இடம் கிடைக்கிறது கஷ்டம். மகனுக்கும் அதே கதைதான். விளம்பரம் நிறைய வந்துச்சு. ஒரு இடத்துல கார் கம்பெனிங்க பயன்படுத்துற ஆட்டோசார்ங்கிற முறையில மூணு வருஷ அனுபவம் கேட்டாங்க. இன்னொரு இடத்துல லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கணும்னாங்க. இவன் சி மொழியில எழுதுவான், சின்ன சிப்புங்க அத்துப்படி, ஆனா அவங்க கேட்ட அந்த ஒண்ணு இவன்கிட்ட இருக்காது. செஞ்ச வேலையைக் காட்டலாம்னா அதுவும் முடியாது. எல்லாம் பழைய கம்பெனியோட ரகசியம், வெளியில சொல்லக்கூடாதுன்னு வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்காங்க. ஏழு வருஷ உழைப்பு, கையில காட்ட ஒண்ணுமில்ல.

நேர்காணல் எல்லாம் அவன் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர்லதான். நான் ஹால்ல டிவி சத்தத்தைக் குறைச்சிட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளேர்ந்து அவன் குரல் கேட்கும், முதல்ல வேகமா, அப்புறம் மெதுவா. வெளிய வந்தா அவன் அம்மா கோப்பி கலக்கிக் கொடுப்பாங்க. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டோம். ஒரு கம்பெனி மூணு சுற்று பேசிட்டு ஆறு வாரம் கழிச்சு ரெண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினாங்க.

இப்ப என் தப்பைச் சொல்றேன்.

வேலை போன வாரமே அவன் சொன்னான், "அப்பா, சொக்சோவுல வேலை காப்புறுதித் திட்டம் இருக்கு, பதிஞ்சா சில மாசத்துக்குப் பணம் கொடுப்பாங்க"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்ம குடும்பத்துல யாரும் கை நீட்டி வாங்கினதில்ல. நான் வேலைக்குப் போறேன்ல, சாப்பாட்டுக்கு என்ன குறை?" அவன் பேசாம போயிட்டான். நான் ஏதோ பெரிய மானஸ்தன் மாதிரி நெனச்சுக்கிட்டேன். அதோட யார் கேட்டாலும், "மகன் வீட்லேர்ந்து வேலை பாக்குறான்", "லீவுல இருக்கான்"னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

அவன் கோயிலுக்கு வர்றதை நிறுத்திட்டான். சின்ன வயசுலேர்ந்து என்னோட சமையல்கட்டுல அண்டா தேய்ச்ச பையன். தீபாவளி அன்னிக்குக்கூட காலையில தலைவலின்னு படுத்துட்டான். எனக்குக் கோபம்தான் வந்துச்சு, காரணம் புரியல.

மார்கழி ஆரம்பிச்ச வாரம் அவன் அம்மா வற்புறுத்தி விடியற்காலை பூசைக்கு அனுப்பிவச்சாங்க. அன்னிக்கு வெண்பொங்கல். அவன் அண்டாவைத் தூக்கிட்டு நிக்கிறான். சமையல்கட்டு அக்கா ஒருத்தங்க சாதாரணமாத்தான் கேட்டாங்க, "என்ன தம்பி, வார நாள்ல இங்க நிக்கிற, வேலை இல்லையா?" நான் முந்திக்கிட்டு, "லீவு எடுத்திருக்கான்க்கா"ன்னேன். மகன் அண்டாவைக் கீழ வச்சான். "லீவு இல்லக்கா, வேலை போயிடுச்சு"ன்னான். என் முகத்தை அவன் பார்க்கவே இல்ல.

எனக்கு அந்த இடத்துலயே நிலம் பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. ஆனா அங்க யாரும் சிரிக்கல, யாரும் ஐயோ பாவம்னும் சொல்லல. நெய் ஊத்திக்கிட்டிருந்த இன்னொரு தங்கச்சி திரும்பிக் கேட்டாங்க: "சொக்சோவுல பதிஞ்சிட்டீங்களா? 60 நாளுக்குள்ள போடணும், என் வீட்டுக்காரருக்கு நாங்கதான் போட்டோம்." மகன் விரல் விட்டு எண்ணினான். அன்னிக்கு 52வது நாள்.

பொங்கலை அப்படியே போட்டுட்டு அவனைப் போகச் சொன்னேன். அன்னிக்கே இணையத்துல பதிஞ்சு, கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் ஏத்திட்டான். கம்பெனி கொடுத்த நிறுத்தற் கடிதம் இருந்ததால தொந்தரவு இல்ல. தானா ராஜினாமா பண்ணினவங்களுக்கு இது கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிஞ்சு நின்னவங்களுக்கும் கிடையாது. முதல் மாசம் சம்பளத்துல 80 விழுக்காடு வந்துச்சு, இரண்டாவது மாசம் 50, அப்புறம் குறைஞ்சுக்கிட்டே போகும். உச்ச வரம்பு ஒண்ணு வச்சிருக்காங்க, உங்க கணக்கை அலுவலகத்துல கேட்டுக்குங்க. அந்தப் பணம் பிச்சை இல்லன்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுச்சு. மாசா மாசம் என் சம்பளச் சீட்டுலயே 0.2 விழுக்காடு பிடிக்கிறாங்க, முதலாளியும் அதே அளவு போடுறார். 2018லேர்ந்து இந்தக் கழிவைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன், என்னன்னு ஒரு நாள் கேட்டதில்ல. என் லைன்ல இருக்கிற பிள்ளைங்களுக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கிற ஆளே நான்தான்!

இனிமே ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லன்னு ஆனதும் அவன் திரும்ப கோயிலுக்கு வர ஆரம்பிச்சான். நம்ம மாடித் தண்ணித் தொட்டி நிரம்பி வழிஞ்சு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது மேல ஓடுவோம்ல? அதுக்கு ஒண்ணு பண்ணித் தர்றேன்னான். இருபது முப்பது வெள்ளிக்கு ஒரு சின்ன போர்டு, தண்ணி உயரத்தை ஒலியால அளக்கிற ஒரு சென்சர், பம்பை நிறுத்த ஒரு ரிலே. மூணு வாரம் அதோட மல்லுக்கட்டினான். அலை அடிச்சா அளவு தப்பா காட்டுது, மூடியில வேர்க்கிற தண்ணி சென்சர்ல சொட்டுது. கரண்ட் போய் வந்தா பம்பு தானா ஓடக்கூடாது. புரோகிராம் எங்கயாவது மாட்டிக்கிட்டா அதைத் தட்டி எழுப்பித் திரும்ப ஆரம்பிக்க வைக்கிற ஒரு ஏற்பாடும் சிப்புக்குள்ள இருக்காம், அதுக்குப் பேரு காவல் நாய்னு சொன்னான். "அப்ப நம்ம பைரவர் சந்நிதியில வச்சுப் பூசை போட்டுடலாம்"னேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சான்.

அதோட புரோகிராமை எல்லாரும் பார்க்கிற மாதிரி கிட்ஹப்ல போட்டுட்டான். கோயில் தொட்டிக்கு யாரும் ரகசியக் கையெழுத்து வாங்கலையே.

தொட்டியாலதான் வேலை கிடைச்சதுன்னு நான் சொல்ல வரல. அப்படிச் சொன்னா கதை நல்லா இருக்கும், ஆனா உண்மை வேற. முன்னாடி அவனோட வேலை பார்த்த ஒரு சீனப் பொண்ணு பத்து காவான்ல ஒரு கம்பெனிக்கு மாறியிருந்துச்சு. இவன் வேலை போனதை லிங்க்டின்ல எழுதினப்புறம்தான் அந்தப் பொண்ணுக்கே தெரியும். உடனே அவங்க மேனேஜர்கிட்ட பேரைக் கொடுத்துச்சு. இவன் துறையில ஆளு கம்மி, ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சிருக்கும். ரெண்டு மாசம் முன்னாடியே எழுதியிருந்தா? "அப்பா லீவுன்னு சொல்றப்ப நான் எப்படி எழுதுறது"ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியல எனக்கு.

ஆனா அந்த நேர்காணல்ல நாப்பது நிமிஷம் தொட்டியைப் பத்தித்தான் கேட்டாங்களாம். சென்சர் பொய் சொன்னா என்ன பண்ணுவ, ஏன் மூணு தடவை அளந்து நடுவுல வர்றதை எடுத்த, கரண்ட் போனா என்ன ஆகும். ஹால்லேர்ந்து எனக்குக் கேட்டுச்சு. இந்தத் தடவை குரல் மெதுவாகவே இல்ல.

பங்குனி உத்திரத்துக்கு அடுத்த வாரம் வேலைக்குச் சேர்ந்தான். பழைய சம்பளத்துக்கு 600 வெள்ளி குறைவு. ஆட்டோசார் அங்கயே கத்துக்கிறானாம்.

உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ யாருக்காவது வேலை போயிருந்தா, நாளை எண்ணிப் பாருங்க. பாரம் எப்படி போடுறதுன்னு தெரியலன்னா வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு சமையல்கட்டுப் பக்கம் வாங்க. நெய் ஊத்துற அந்தத் தங்கச்சியும் நானும் அங்கதான் இருப்போம். மெதுவாவே பேசலாம், வேற யாருக்கும் தெரியவேணாம்னா தெரியாது.

தொட்டி சென்சர்ல இப்ப திரும்பவும் தண்ணி சொட்டுது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மகன் வந்து மூடியை மாத்தப் போறான். ஏணி பிடிக்க ரெண்டு பேர் வேணும். பசியாறக் கோயில்லயே தோசை இருக்கு.