கட்டணச் சீட்டில் காணாத கொடை

நீரிழிவு நம் இல்லங்களில் புதிய சொல்லன்று. குருதியிலுள்ள சர்க்கரையை உயிரணுக்கள் ஏற்கச் செய்யும் இன்சுலினையும் நாம் அறிவோம். ஆயினும், குருதியில் அது எவ்வளவு உள்ளதெனத் துல்லியமாய் அளப்பது நெடுங்காலம் அரிதாயிருந்தது; அத்துணை நுண்ணிய அளவு அது.

நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்க்கான மருத்துவமனையொன்றில் பணியாற்றிய ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் 1959இல் அதற்கு வழிகாட்டினர். கதிரியக்க அடையாளமிட்ட இன்சுலினை, அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளோடு சேர்த்தனர். நோயாளியின் குருதியிலுள்ள இன்சுலின் போட்டியிட்டு அவ்விடத்தைப் பிடிக்கும். பற்றிநிற்கும் கதிரியக்கம் குறையும். அக்குறைவே அளவைக் கூறிவிடும்.

பெரும்பொருள் ஈட்டித் தந்திருக்கக்கூடிய இம்முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. பெர்சன் 1972இல் மறைந்தார். யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். அவர்கள் திறந்துவைத்த வழியிலேயே பிற சுரப்புகளும் அளக்கப்பட்டன.

சென்ற ஆண்டு எம் பேத்தி பிறந்தபோது, அவளுக்குத் தைராய்டுக் குறையில்லை என்பதைக் குதிகாலில் எடுத்த சில துளிக் குருதி உறுதிசெய்தது. உரிய காலத்தில் அறியாவிடில் மூளை வளர்ச்சியைக் குன்றச்செய்யும் குறை அது. இன்று கதிரியக்கமில்லா முறைகள் வந்துவிட்டன. எதிர்ப்பொருளின் பற்றுதலே அவற்றிற்கும் அடிப்படை. சோதனைக்குரிய கட்டணத்தை நாம் செலுத்தினோம். அவ்விருவர் விலை கேளாது விட்டுச்சென்ற அறிவுக்கோ, நன்றியன்றி நம்மிடம் வேறென்ன உண்டு?