முதலில் சூடு, பிறகு பால்

வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரியான படம் வந்துகொண்டே இருக்கிறது. அட்டைப்பெட்டிக்குள் பழைய துணி, அதன்மேல் கண் திறக்காத மூன்று நான்கு பூனைக்குட்டிகள், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பால். கீழே ஒரு வரி: "தாய் இல்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்." இப்படி வரும் குட்டிகளை வாங்கி வளர்த்து ஆளாக்குகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள் என்று சொல்லி, அவர்களில் சிலருடைய வீடுகளுக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். இந்த வேலைக்குக் கூலி கிடையாது. அதனால் இதை யாரும் தொழில் என்று சொல்வதில்லை. 'ஃபாஸ்டர்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து யோசிக்கும்போது, இது ஆண்டுக்கணக்கில் பழகித் தேர வேண்டிய கைத்தொழில் என்றே எனக்குப் படுகிறது. இதை வெறும் இரக்கம் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதால் இரண்டு கேடுகள் விளைகின்றன. பிரிக்கத் தேவையே இல்லாத குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம். நிஜமாகவே தாயை இழந்த குட்டிகளைக் காப்பவர்களை ஒரு துணையுமின்றி விட்டுவிடுகிறோம்.

பூனைக்குட்டியைக் கையில் எடுத்ததும் எல்லாருக்கும் தோன்றுவது, உடனே பால் கொடுக்க வேண்டும் என்பதுதான். இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது குட்டியின் வயிற்றையும் பாதத்தையும். சில்லென்று இருந்தால் பால்புட்டியைத் தொடவே மாட்டார்கள். பிறந்து மூன்று நான்கு வாரம் வரை குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிறும் கூடப் பிறந்தவற்றின் நெருக்கமும்தான் அதற்குச் சூடு. உடல் குளிர்ந்துபோனால் குடல் இயங்காது. உள்ளே போன பால் செரிக்காமல் தங்கி வயிற்றை உப்பவைக்கும், எதிர்த்து வந்து புரையேறும். பசியால் சாகும் என்று பயந்து ஊட்டிய பாலே குட்டியைக் கொன்றுவிடுவது இப்படித்தான். சென்னை வெயிலில் சூட்டுக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். ஆனால் முதல் வாரக் குட்டிக்குச் சுற்றிலும் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். மழை இரவும், டைல்ஸ் தரையும், ஏசி அறையும் அதைத் தருவதில்லை. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்கிறார்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும் அல்லவா? குளிர்ந்த குட்டியை மெல்ல மெல்லத்தான் சூடேற்ற வேண்டும். உடல் கதகதப்பான பிறகுதான் பால்.

பாலிலும் நம் பழக்கம் தவறானது. பூனையின் பாலில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதம். பசும்பாலில் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதையும் தண்ணீர் கலந்து கொடுப்பதுதான் வீட்டு வழக்கம். குட்டியின் வயிறு நிறையும், உடம்பு தேறாது. பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். நூறு கிராம் உடம்பில் இழப்பதற்கு எவ்வளவு நீர் இருக்கிறது? பூனையின் உடல் மற்ற பல விலங்குகளைப்போல டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. பால் புரதமான கேசினை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை கெட்டுப்போனதற்கு டாரின் குறைவே காரணம் என்பது 1975இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. "எங்கள் வீட்டில் பசும்பால் ஊற்றித்தான் எத்தனையோ பூனைகளை வளர்த்தோம்" என்ற மறுப்பு உடனே வரும். அப்படிப் பிழைத்தவை பெரும்பாலும் தாய்ப்பாலை ஓரளவாவது குடித்து, மீனும் சோறும் தின்னும் வயதை நெருங்கிவிட்ட குட்டிகள். அவை பிழைத்தன, அதனால் நம் நினைவில் இருக்கின்றன. பத்தாம் நாளில் செத்தவற்றை யாரும் கணக்கு வைத்ததில்லை. பூனைக்குட்டிகளுக்கென்றே செய்த பால்பவுடர் இன்று கடைகளில் கிடைக்கிறது. அவசரத்துக்கு வேறு வழியில்லாமல் எதையோ கொடுப்பது வேறு, அதையே முறையாக்கிக்கொள்வது வேறு.

ஊட்டும் விதத்தில் கைப்பழக்கம் தெரிகிறது. மனிதக் குழந்தையைப்போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா கண்டுவிடும். தாயிடம் குடிக்கும்போது இருப்பதுபோலக் குட்டி குப்புறவே இருக்க வேண்டும், தலை மட்டும் சற்றே உயர்ந்து. ஒரு வேளைக்கு நூறு கிராம் எடைக்குச் சுமார் 4 மில்லி, அதைத் தாண்டக் கூடாது. சிரிஞ்சாக இருந்தால் குட்டி இழுக்கும் வேகத்துக்குத்தான் விரல் நகர வேண்டும். விரலின் வேகத்துக்குக் குட்டியை விழுங்கவைக்கக் கூடாது. குடித்து முடித்தால் வேலை முடிந்துவிடாது. முதல் மூன்று வாரம் குட்டிகள் தாமாகச் சிறுநீரோ மலமோ கழிப்பதில்லை, தாய் நக்கிவிடுவாள். அவள் நாக்கின் வேலையை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சு செய்கிறது. இதை அறியாதவர்கள் கையில், நன்றாகப் பால் குடித்த குட்டிகூட வயிறு வீங்கித் துடிக்கும். குழாய் வழியாக நேரே இரைப்பைக்குப் பால் செலுத்தும் முறையும் உண்டு. அதைக் கால்நடை மருத்துவர் அருகில் இருந்து கற்க வேண்டும் என்பதால் இங்கே விவரிக்கவில்லை.

இந்த வீடுகளில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ள கருவி சமையலறைத் தராசு. ஒரு கிராம் வரை துல்லியம் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணத் தராசு. அதன்மேல் ஒரு சின்னக் கிண்ணம், பக்கத்தில் ஒரு நோட்டு. தேதி, நேரம், எடை, குடித்த அளவு, மலத்தின் நிறம் என்று வரிசையாக எழுதிவைக்கிறார்கள். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும், இரண்டு வாரத்தில் எடை இரட்டிப்பாகியிருக்க வேண்டும். நோய்வாய்ப்பட்ட குட்டி கத்திச் சொல்வதில்லை. பெரும்பாலும் அமைதியாகிவிடும், நாம் அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் எடை ஒரு நாள் ஏறாமல் நின்றாலே தராசு சொல்லிவிடும். இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இளைக்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். இரக்கம் கண்ணால் பார்க்கிறது, இந்தத் தொழில் எடைபோட்டுப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டில்தான் பல உயிர்கள் பிழைக்கின்றன. அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளைச் செவிலியர்கள் நாள்தோறும் எடைபோடுவதும் இதே காரணத்தால்தான். அங்கே அதைப் பயிற்சி பெற்ற தொழில் என்கிறோம். இங்கே பொழுதுபோக்கு என்கிறோம்.

உழைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது பொழுதுபோக்கா என்பது தெரிந்துவிடும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும். மூன்று மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம், நாளுக்கு எட்டு முறை. சூடேற்றி, எடைபோட்டு, ஊட்டி, பஞ்சால் துடைத்து, துணி மாற்றி, புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுக்க ஒரு குட்டிக்குக் கால் மணி நேரம் ஆகும். நான்கு குட்டிகளுக்கு ஒரு மணி நேரம். ஆக, ஒரு ஆலைத் தொழிலாளியின் முழு எட்டு மணி நேரம். அதுவும் எட்டுத் துண்டாக உடைந்து, இரவிலும் சிதறிக் கிடக்கும் எட்டு மணி நேரம். நான் போன வீடுகளில் இதைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பால்பவுடர், மருந்து, தடுப்பூசி எல்லாம் அவர்கள் கைக்காசு. அமெரிக்காவில் சான் டியாகோ ஹியூமேன் சொசைட்டி 2009இல் இரவும் பகலும் இயங்கும் பூனைக்குட்டிக் காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. இது முறை வைத்து, ஆள் போட்டுச் செய்ய வேண்டிய வேலை என்பதை அங்கே ஒப்புக்கொண்டார்கள். நம் ஊரில் அது ஒரு தனி மனுஷியின் தூக்கத்தைத் தின்று நடக்கிறது.

இவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது இன்னொன்று: முடிந்தவரை எடுக்காதீர்கள். தாய் இரை தேடப் போய்ச் சில மணி நேரம் வராமல் இருப்பது இயல்பு. பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார் சொன்னது அனுபவத்தில் வந்த வார்த்தை. இடம் ஆபத்து என்று பட்டால் அவள் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போவாள். மாடிப்படியில் தனியே கிடக்கும் குட்டி, அவள் அடுத்த நடையில் எடுக்க வேண்டிய குட்டியாக இருக்கலாம். வயிறு நிறைந்து, கதகதப்பாக, ஒன்றன்மேல் ஒன்று படுத்து உறங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறாள் என்றே பொருள். தள்ளி நின்று காத்திருக்க வேண்டும், நாம் பக்கத்தில் நின்றால் அவள் வர மாட்டாள். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஏற்க மாட்டாள் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. தவறி எடுத்துவிட்டாலும் கதகதப்போடு அதே இடத்தில் வைத்தால் பெரும்பாலும் அவள் எடுத்துக்கொள்வாள். அதற்குள் நாய் கடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எறும்பு மொய்த்தால், மழைநீர் வந்தால், நாய்கள் சுற்றினால், குட்டிகள் சில்லிட்டு ஓயாமல் கத்தினால் தலையிடத்தான் வேண்டும். அப்போதும் அருகிலேயே பாதுகாப்பான உயரத்தில் பெட்டியை வைத்துத் தாய் வர வழி செய்வது முதல் வழி. வீட்டுக்குக் கொண்டுபோவது கடைசி வழி.

சீக்கிரம் பிரிப்பதன் விலை குட்டி பிழைத்த பிறகும் தீர்வதில்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 5,700 பூனைகளைப் பற்றித் திரட்டிய தகவல்களை 2017இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயை விட்டுப் பிரிந்தவற்றிடம், குறிப்பாக அந்நியர்களிடம், மூர்க்கம் கூடுதலாக இருந்தது. பதினான்கு வாரம் வரை தாயோடு இருந்தவற்றிடம் குறைவு. உரிமையாளர்கள் கேள்வித்தாளில் சொன்ன தகவல் அது என்பது உண்மைதான். ஆயினும் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் விளையாடித்தான் என்பதோடு அது பொருந்திப்போகிறது. ஃபாஸ்டர் வீடுகளில் ஒற்றைக் குட்டி வந்தால் அதே வயதுத் துணை ஒன்றைத் தேடுவதும் இதற்காகத்தான். சீக்கிரம் எடுத்தால்தான் மனிதரோடு ஒட்டும் என்பார்கள் சிலர். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள், இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்டுப் பழகிய குட்டிகள் மனிதரோடு இணக்கமாக வளர்வதைக் காட்டின. கை பட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். தாயருகே இருக்கும் குட்டியையும் தினம் கையில் எடுத்துக் கொஞ்சலாமே!

இதையெல்லாம் அறிந்தே பிரிக்கிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். பாரசீகப் பூனைக்குட்டி என்று விளம்பரம் போட்டு, ஒரு மாதக் குட்டியைப் பஞ்சுப் பொதிபோலப் படமெடுத்து விற்கும் தரகர்களைச் சொல்கிறேன். தாயோடு மூன்று மாதம் வைத்திருந்தால் தீனிச் செலவும் தடுப்பூசிச் செலவும் விற்பவருடையது, குட்டியின் 'அழகு வயது'ம் போய்விடும். ஒரு மாதத்தில் தள்ளிவிட்டால் அந்தச் செலவு முழுதும் வாங்குபவர் தலையில் விழும். நோய் வந்தால் தொலைபேசி எடுக்கப்படாது. வாங்கியவர் சலித்துப்போய் விட்டுச்செல்லும் குட்டி, முன்பு சொன்ன அதே பெண்களின் வாசலுக்கு வந்து சேரும். லாபம் ஒரு பக்கம் போக, இழப்பு முழுவதையும் கூலியில்லாத உழைப்பு தாங்குகிறது. நாய்க்குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. பூனைக்கும் அந்த எல்லையே குறைவு. வாங்குபவர் "தாயைக் காட்டுங்கள்" என்று கேட்கத் தொடங்கினால் இந்த வியாபாரத்தில் பாதி படுத்துவிடும்.

தெருவில் பூனை பெருகிக் குருவியையும் ஓணானையும் தின்கிறதே, இவற்றை ஏன் காப்பாற்ற வேண்டும் என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. பூனைகள் பறவைகளைக் கொல்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் குட்டிகளைச் சாகவிடுவதால் பூனைகள் குறைவதில்லை. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவமடையும், சினைக்காலம் சுமார் 64 நாள். பகல் நீளம் அதிகம் மாறாத நம் பகுதியில் ஆண்டின் எந்த மாதத்திலும் அது ஈனும். குட்டிகளை எடுத்துக்கொண்டு தாயை அப்படியே விட்டால் சில மாதத்தில் அதே இடத்தில் அடுத்த ஈற்று கிடக்கும். ஆகவே குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்வதுதான் இந்த வேலையின் கடைசிப் படி. அதைச் செய்யாத மீட்பு அரைகுறை மீட்பு. தெருநாய்களுக்கு நடத்துவதுபோலப் பூனைகளுக்கும் நகராட்சிகள் கருத்தடை முகாம்களை ஒழுங்காக நடத்தினால், இரவு விழிக்கும் இந்தப் பெண்களின் சுமை தானாகக் குறையும்.

மனிதருக்கே ஆயிரம் குறை இருக்கும்போது பூனைக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்ல இருக்கிறது. பூனைக்காக இரவு விழிக்கும்படி உங்களை யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் மிகச் சிறியவை. குட்டிகளைக் கண்டால் தள்ளி நின்று தாய்க்காகக் காத்திருங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், பாலுக்கு முன் சூடு கொடுங்கள். வளர்ப்பவரிடம் ஒப்படைக்கும்போது குட்டியோடு ஒரு டப்பா பால்பவுடரையும் கொடுங்கள். அந்தத் தாய்ப்பூனையின் கருத்தடைச் செலவைத் தெருவார் நாலு பேர் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.