தபால்காரர் தலையில் போட்ட பழி

பொய் சொல்லித்தான் என் கடையின் பெயரைக் காப்பாற்றி வந்தேன். அந்தப் பொய்க்காக ஏச்சு வாங்கியவர்கள் தபால்காரர்கள்.

சின்னாளப்பட்டிச் சேலைகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறேன். தபால் துறையோடு ஒப்பந்தம் இருக்கிறது. பார்சலை முதலில் பதிவு செய்துவிட்டு, மாதம் முடிந்ததும் பில் பார்த்துப் பணம் கட்டலாம். ‘புக் நவ் பே லேட்டர்’ என்பார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் தபால்காரர் வாங்கும் பணம் என் கணக்குக்கு வந்துவிடும். ‘அந்தப் பின்கோடுக்கு சர்வீஸ் இல்லை’ என்று கூரியர்காரர்கள் கைவிரித்த ஊர்களுக்கும் என் சேலை போய்ச் சேர்கிறது. நாட்டில் ஏறத்தாழ 1,64,000 அஞ்சலகங்கள். பத்தில் ஒன்பது கிராமங்களில். என்னைப் போன்ற சிறு வியாபாரிக்கு இப்படியொரு கூட்டாளி வேறு யார் கிடைப்பார்?

அந்தக் கூட்டாளிக்குத்தான் நான் துரோகம் செய்தேன்.

பார்கோடு ஸ்டிக்கர்களை எங்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். தீபாவளி நெருக்கத்தில் சாயப்பட்டறையிலிருந்து சேலையே வந்திருக்காது. நான் ஸ்டிக்கரை மட்டும் படமெடுத்து, ‘அனுப்பியாச்சு மேடம், இதான் டிராக்கிங் நம்பர்’ என்று அனுப்புவேன். ‘எதுவும் காட்டலையே’ என்றால், ‘போஸ்ட் ஆபீஸ் சர்வர் ஸ்லோ மேடம்.’ மறுபடி கேட்டால், ‘தபால்ல லேட் பண்றாங்க, நாங்க என்ன செய்ய?’ வாய் கூசாமல் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். தபால் என்றாலே தாமதம் என்று பேசிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை நான் காசாக்கினேன்.

மலையோர ஊர் ஒன்றிலிருந்து, கிளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தார். “சார், உங்க பார்சல் எங்க பைக்கு வரவேயில்ல. அந்த அக்கா தினம் வாசல்ல நின்னு, நான்தான் சேலையை எடுத்துக்கிட்டேன்னு திட்டுறாங்க. எப்ப அனுப்புனீங்க?”

பார்சல் என் மேசையில் கிடந்தது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, பதிவாகவில்லை. “உங்க ஆபீஸ்லயே விசாரிங்கம்மா” என்று போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஆர்டர் ரத்தாகிவிடுமோ என்ற பயம். ஒரு சேலையின் லாபத்துக்காக, நாளுக்கு நாலைந்து மணி நேர வேலை, துறை ஊழியருக்குரிய சம்பளமோ பென்ஷனோ கிடையாது என்றிருக்கும் ஒரு கிராம அஞ்சல் ஊழியரை, சொந்த ஊரிலேயே திருடி என்று பேச விட்டேன். அந்த ஊரில்தான் அவர் நாளையும் வீடு வீடாகப் போக வேண்டும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

பண்டிகை முடிந்த பிறகு அந்த வாடிக்கையாளரை அழைத்து, தாமதம் முழுக்க என்னுடையது என்று சொன்னேன். அந்தப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டேன். “சரி சார்” என்றார், அவ்வளவுதான். மன்னித்தாரா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இப்போது பதிவு ரசீது கைக்கு வராமல் எந்த எண்ணையும் யாருக்கும் அனுப்புவதில்லை.

ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பார்சல் தாமதமானால் தபால்காரரிடம் கோபப்படும் முன், டிராக்கிங்கில் ‘புக்கிங்’ தேதியைப் பாருங்கள். தேதியே இல்லையென்றால் எங்களைக் கேளுங்கள்.