தெளிந்த தண்ணீரில் ஒரு வில்லங்கம்

கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்க நம் பாட்டிமார்கள் பெரிதாக ஒன்றும் பிரயத்தனப்பட்டதில்லை. தேற்றாங்கொட்டை ஒன்றை எடுத்துப் பானையின் உட்புறத்தில் நாலு தேய்ப்புத் தேய்த்து வைப்பார்கள். சற்று நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே தண்ணீர் பளிங்குபோல் நிற்கும். ஆனால் அந்தப் பானை 12 ஏக்கர் பரப்பும் 93 அடி ஆழமும் உள்ளதாக இருந்துவிட்டால்?

அப்படி ஒரு ‘பானை’யைப் பார்க்க அமெரிக்கா வரையில் போய் வருவோம், வாருங்கள்.

வாஷிங்டன் நகரத்துக்கு மேற்கே சுமார் 40 மைல் தூரத்தில், வர்ஜீனியா மாநிலத்தில், ஹேமார்க்கெட் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே மில்புருக் என்ற பழைய கல் குவாரி. கல் வெட்டும் வேலை நின்றதும் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிக்கொண்டது. பிறகு அது முக்குளிக்கக் கற்றுக் கொடுக்கும் இடமாக மாறியது. முதுகில் காற்று உருளை, முகத்தில் கண்ணாடி, காலில் வாத்துத் துடுப்பு – இவற்றோடு இறங்குகிறவர்களுக்கு இத்தகைய குவாரிதான் ஆரம்பப் பள்ளிக்கூடம்.

கலக்குவது யார்?

பள்ளிக்கூடம் என்றால் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கைச்சைகைதான். நீட்டிய கையே தெரியாத கலங்கலில் சைகைக்கு எங்கே போவது? கூட வந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. ஆகவே தெளிந்த தண்ணீர் வேண்டும் என்று இவர்கள் தவிப்பது வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் அல்ல. உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு.

குவாரித் தண்ணீருக்கு விரோதிகள் இரண்டு பேர். ஒன்று, அடியில் படிந்திருக்கும் மெல்லிய வண்டல். புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர் தரையில் காலை உதைத்தால் போதும்; புகை மண்டலம்போல் கிளம்பிவிடும். அது அடங்கப் பல மணி நேரம் ஆகலாம். இதற்காகவே பல குவாரிகளில் நடுத்தண்ணீரில் மேடை கட்டித் தொங்கவிடுகிறார்கள். மாணவர்கள் மண்ணைத் தொடாமல் அதன்மேல் முழந்தாளிட்டுப் பாடம் கேட்கலாம்.

இரண்டாவது விரோதி, பாசி. வெயிலும், சுற்றுப்புற வயல்களிலிருந்து வழிந்து வரும் உரச்சத்தும் சேர்ந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். அதனால்தான் குளிர் காலத்தில் குவாரி தெளிவாகவும் கோடையில் மங்கலாகவும் இருக்கிறது.

வந்தது சிப்பி!

இந்தப் பாசியைச் சம்பளமில்லாமல் தின்று தீர்க்கும் வேலைக்காரர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வரிக்குதிரைச் சிப்பி. கட்டைவிரல் நகம் அளவுதான். ஓட்டின்மேல் வரி வரியாகக் கோடுகள். கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த இது, கப்பல்களில் பாரத்துக்காக நிரப்பும் தண்ணீரோடு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1988-ல் அங்குள்ள ஸெயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டிவிடும். லட்சக்கணக்கில் இருந்தால் கேட்க வேண்டுமா? ஏரியே கண்ணாடியாகிவிடும்.

“அடடா, நல்ல காரியம்தானே?” என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் வில்லங்கம். சிப்பி தின்பது குஞ்சு மீன்களை வாழவைக்கும் நுண்ணுயிர்களின் ஆகாரத்தை. அதோடு நிற்பதில்லை; ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு குடிதண்ணீர்க் குழாய்களையே அடைத்துவிடும்.

2002-ல் மில்புருக் குவாரியில் இந்தச் சிப்பி தென்பட்டது. வர்ஜீனியாவில் அது தலை காட்டியது அதுவே முதல் தடவை. குவாரிக்குப் பக்கத்தில் ஓடுகிறது ‘பிராட் ரன்’ என்ற ஓடை. அது போய்ச் சேருவது மனாஸஸ் ஏரிக்கு. அந்த ஏரி, ஊர் ஜனங்கள் குடிக்கும் தண்ணீர். ஒரு வெள்ளம் வந்து சிப்பி ஓடைக்குள் இறங்கிவிட்டால், பிறகு பிடிக்க முடியுமா?

பொட்டாஷ் வைத்தியம்

அதிகாரிகள் யோசித்து ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் வயல்களுக்கு உரமாகப் போடுகிறார்களே பொட்டாஷ், அதேதான்! 2006 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 17 வரையில் 1,74,000 காலன் பொட்டாஷ் கரைசலைக் குவாரித் தண்ணீரில் கலந்தார்கள். பொட்டாசியம் அளவு மீறினால் சிப்பியின் செவுள் வேலை செய்யாது; மூச்சு முட்டிச் செத்துப்போகும். மற்றவர்களுக்கு? பயமே வேண்டாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவுதான் குறி. நாம் ஆனந்தமாகக் குடிக்கும் இளநீரில் அதைவிடப் பல மடங்கு பொட்டாசியம் இருக்கிறது!

பிறகு உயிருள்ள சிப்பிகளை உள்ளே வைத்துச் சோதித்தார்கள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மீன்களும் ஆமைகளும் சௌக்கியமாக இருந்தன. திறந்த நீர்நிலை ஒன்றிலிருந்து இந்தச் சிப்பியை அடியோடு ஒழித்தது அமெரிக்காவில் அதுவே முதல் வெற்றி.

இந்தச் சிப்பி ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பிரயாணம் செய்ய விமானம் தேவையில்லை. முக்குளிப்பவரின் ஈர உடை போதும். வீட்டு மீன் தொட்டிகூடப் போதும். 2021-ல் அமெரிக்கக் கடைகளில் தொட்டி அலங்காரத்துக்கு விற்ற பாசி உருண்டைகளுக்குள்ளேயே இது ஒளிந்திருந்தது! எனவே, தொட்டித் தண்ணீரைக் குளத்தில் கொட்டாமலிருப்பது எந்த ஊரிலும் நல்லது.

முக்குளிப்பவர்களுக்கு நிபுணர்கள் சொல்லும் புத்திமதி என்ன தெரியுமா? “கரை ஏறியதும் சாமான்களை நன்றாகக் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே அடுத்த தண்ணீரில் இறங்குங்கள்.”

இவ்வளவுதானா! பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும் சாஸ்திரத்தை நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்களே!