யார் ஓடினாலும் தெரிந்துவிடும்

கிளீவ்லாந்து, ஒஹாயோ

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கேள்வி வாட்ஸப்பில் வந்து சில நாளாகிறது. "விண்வெளி நிலையத்தில் சுபான்ஷு சுக்லா மிதந்துகொண்டுதானே இருந்தார்? தரையே இல்லாத இடத்தில் அதிர்வு எங்கிருந்து வரும் மாமா?" என்று கேட்டிருந்தாய். கட்டைவிரலால் தட்டி அனுப்புகிற பதில் இல்லை இது. அதனால் இந்த மாத மடலையே உனக்கு எழுதுகிறேன். பத்திரிகையில் வரும் என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவை. வீட்டு விஷயம் எதையோ எழுதிவிட்டான் என்று பதறப் போகிறாள்.

கேட்க வேண்டிய ஊரைத்தான் கேட்டிருக்கிறாய். பெங்களூரில் பிரேசர் டவுனை ஒட்டியே ஒரு கிளீவ்லாந்து டவுன் இருக்க, கடல் தாண்டி வந்து இன்னொரு கிளீவ்லாந்தில் குடியேறியவன் நான். தமிழர்களுக்கு இந்த ஊர் என்றால் தியாகராஜ ஆராதனை. விமான நிலையத்தின் பக்கத்தில் நாசாவின் கிளென் ஆய்வு மையம் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. பன்னாட்டு விண்வெளி நிலையம் எப்போது, எவ்வளவு நடுங்குகிறது என்று கணக்கெழுதும் வேலை அங்கேதான் நடக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு விசை ஓடிப்போய்விடவில்லை. தரையில் இருப்பதில் 88 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருக்கும் ஆளும் கருவியும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுவதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை, அவ்வளவுதான். சென்னை ஐஐடியில் ஒரு கோபுரத்திலிருந்து சோதனைப் பெட்டியைக் கீழே விட்டு 2.5 நொடி இந்த நிலையை உண்டாக்குகிறார்கள். இங்கே கிளென் மையத்தின் ஆழ்துளைக் குழியில் 5.18 நொடி கிடைக்கும். விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் கிடைக்கிறது.

ஆனால் சுத்தமாகக் கிடைப்பதில்லை. காற்றைச் சுழற்றும் விசிறிகள், தண்ணீர் பம்புகள், குளிர்பெட்டியின் கம்ப்ரஸர், திசை திரும்பும் ஆன்டெனா, வந்து இணையும் சரக்குக் கலம் எல்லாமே நிலையத்தை உதைக்கின்றன. மனிதர்கள் இன்னும் மோசம். எலும்பும் தசையும் கரையாமல் இருக்க அவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் போல உடற்பயிற்சி செய்தாக வேண்டும். சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரலில் அங்கேயே டிரெட்மில்லில் பாஸ்டன் மாரத்தான் ஓடினார், 4 மணி 24 நிமிடம். அந்த ஓட்டம் நிலையத்தை உலுக்காமல் இருக்க அந்த டிரெட்மில்லையே சுழல்மானி வைத்து மிதக்கவிட்டிருந்தார்கள். 2009-இல் போன இரண்டாவது டிரெட்மில்லுக்கு கோல்பேர் என்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளர் பெயர். நிலையத்தின் ஒரு பகுதிக்குப் பெயர் வைக்க நாசா வாக்கெடுப்பு நடத்தியபோது அவர் ரசிகர்கள் ஜெயித்துவிட்டார்கள். நாசா சாமர்த்தியமாக ஓட்டப் பொறியைக் கொடுத்து அனுப்பிவைத்தது.

இந்த உதையெல்லாம் எவ்வளவு என்கிறாயா? பூமியின் ஈர்ப்பை ஒரு ஜி என்று வைத்தால், இவர்கள் கவலைப்படுவது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை, அதாவது ஒரு மைக்ரோ ஜி-யைப் பற்றி. அதிலும் வேகமாக நடுங்குவதைவிட மெதுவாக ஆடுவதுதான் ஆபத்து. நொடிக்குப் பத்து முறை ஆடும் பலகை, ஜி-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு வலுவோடு ஆடினாலும், நகர்வது இரண்டரை மைக்ரோமீட்டர்தான். நூறு நொடிக்கு ஒருமுறை வரும் அசைவு அதைவிட ஆயிரம் மடங்கு மெலிந்திருந்தாலும் இரண்டரை மில்லிமீட்டர் தள்ளிவிடும். பென்சிலும் பேப்பரும் எடுத்து நீயே போட்டுப் பார். உருகிய உலோகத்துக்குள்ளும் கரைசலுக்குள்ளும் அந்த அவகாசத்தில் ஓட்டம் கிளம்பிவிடும், வளர்கிற படிகத்தில் கோளாறு விழும். பிறகு ஆய்வகத்தில் உட்கார்ந்து, இந்தக் கோளாறு படிகத்தின் குணமா, யாரோ சைக்கிள் மிதித்ததன் பலனா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். நிலையத்தின் நிறை மையத்திலிருந்து மேலோ கீழோ ஒரு மீட்டர் தள்ளிக் கருவியை வைத்தாலே ஒரு மைக்ரோ ஜி-யில் 0.4 பங்கு வந்து சேர்கிறது. அங்கே எந்த அலமாரி யாருக்கு என்பதும் இயற்பியல்.

இதை அளக்க கிளென் மையம் செய்த கருவித் தொகுப்பின் பெயர் சாம்ஸ். 1991 ஜூனில் கொலம்பியா விண்ணோடத்தில் முதலில் பறந்தது. 1994-இல் ரஷ்யர்களின் மிர் நிலையத்துக்குப் போனது. 2001 ஏப்ரலில் பன்னாட்டு நிலையத்துக்குப் புது வடிவம் போனது. மிக மெதுவான அசைவுகளைப் பிடிக்க மாம்ஸ் என்று இன்னொன்றும் கூடவே போனது. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய ஆய்வுக்கூடங்கள் மூன்றிலும் உணரிகளை வைத்து, வரும் எண்களை இங்கே படமாக்குகிறார்கள். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், வலுவுக்கு நிறம். கம்ப்ரஸர் என்றால் இடைவிடாத கோடு. யாராவது ஓடினால் திட்டுத் திட்டாகப் பட்டைகள். எல்லாரும் தூங்கப் போனதும் படத்தின் அடிப்பகுதியில் நிறம் அடங்கும்.

உன் பாட்டிக்கு இந்தப் படிப்பு இல்லாமலே இந்த வித்தை தெரியும். பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனைத் தாண்டும் ரயிலை, அலமாரியில் டம்ளர் குலுங்குவதை வைத்தே கூட்ஸா பாசஞ்சரா என்று சொல்லிவிடுவார்கள்.

அதிர்வைக் கவனிப்பது வேறு விதத்திலும் கைகொடுத்திருக்கிறது. 2007-இல் சூரியத் தகடுகளைத் திருப்பும் பெரிய மூட்டு ஒன்றில் வழக்கத்துக்கு மாறான அதிர்வும், மோட்டார் மின்னோட்டத்தில் ஏற்றமும் தெரிந்தன. அக்டோபரில் விண்வெளி வீரர் டேனியல் டானி வெளியே போய் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இரும்புத் துகள். உயவு போதாமல் வளையம் தேய்ந்திருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் துடைத்து கிரீஸ் போட்டார்கள். 2009 ஜனவரி 14-இல் நிலையத்தை உயர்த்த எஞ்சினை இயக்கியபோது, கட்டளையில் இருந்த தவறான எண்களால் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிலையமே ஊசலாடியது. உடைந்தது எதுவும் இல்லை. ஆனால் உலோகத்தின் ஆயுளில் எவ்வளவு குறைந்தது என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். 2007 ஜனவரி 10 அன்று பிஎஸ்எல்வி-சி7 ஏற்றிப்போன எஸ்ஆர்இ-1 என்ற 550 கிலோ கலத்தை உன் வயதில் யாருக்கும் நினைவிருக்காது. உள்ளே இந்திய அறிவியல் கழகமும் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் மையமும் சேர்ந்து செய்த சிறு உலை, உலோகத்தை உருக்கிப் படிகமாக்க. பன்னிரண்டு நாள் சுற்றி வங்கக் கடலில் வந்து விழுந்தது. அதில் ஓட ஆள் இல்லை, சாப்பிட ஆள் இல்லை. படிகம் வளர்க்க மனிதன் இல்லாத இடமே நல்லது என்பது என் கட்சி. விண்வெளி வீரர் ரசிகனான உனக்குக் கசக்கும்.

அடுத்தது பெங்களூர் பீன்யாவில் இருக்கும் இஸ்ரோவின் மின்னொளியியல் ஆய்வகம். சந்திரயான்-3 நிலவில் இறக்கிவைத்த இல்சா என்ற அதிர்வுமானி அங்கே பிறந்தது. சிலிக்கானில் செதுக்கிய ஆறு முடுக்கமானிகள்; வெளியே அதிர்ந்தால் உள்ளே சீப்புப் பற்கள் போன்ற மின்முனைகள் விலகி மின்னழுத்தம் மாறும். 2023 ஆகஸ்ட் 25-இல் பிரக்யான் ரோவர் ஊர்ந்ததையும், மறுநாள் இயற்கையானது என்று தோன்றிய ஒரு நடுக்கத்தையும் அது பதிந்தது. சுமார் 190 மணி நேரப் பதிவில் 250-க்கு மேற்பட்ட அதிர்வுகள். அவற்றில் ஏறக்குறைய 200 நம் ரோவரும் நம் கருவிகளும் போட்ட சத்தம்தான்! சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராக இருந்த விழுப்புரத்து வீரமுத்துவேல் ஆய்வு செய்ததும் விண்கலத்தின் மின்னணுப் பெட்டிகளில் அதிர்வை அடக்குவது பற்றித்தான்.

ஆக, ஆளும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. இந்தியா கட்டப்போகும் விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ் நிலையத்தின் முதல் பகுதியை 2028-இல் அனுப்புவதாகவும், ஐந்து பகுதிகளையும் 2035-க்குள் முடிப்பதாகவும் திட்டம். எனக்கு ஒரே ஒரு ஆசை. பன்னாட்டு நிலையத்தில் 2000 நவம்பரிலேயே ஆட்கள் குடியேறிவிட்டார்கள். சாம்ஸ் போனது ஐந்து மாதம் கழித்து. நம்முடையதில் முதல் பகுதியோடு முதல் நாளே உணரிகள் போக வேண்டும். காலி வீடு எப்படி நடுங்குகிறது என்று ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால், பிறகு குடிவந்தவர்கள் சேர்த்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கலாம். குடிவந்த பிறகு அந்தப் பதிவு கிடைக்கவே கிடைக்காது. எடை குறைக்க வேண்டும் என்று வரும்போது, தனக்கென்று சோதனை எதுவும் செய்யாத இந்தச் சின்னப் பெட்டியைத்தான் முதலில் இறக்குவார்கள் என்று பயமாக இருக்கிறது.

நிலையத்தின் அதிர்வுப் பதிவுகளை நாசா பொதுவில் வைத்திருக்கிறது. சரக்குக் கலம் வந்து இணைந்த ஒரு நாளை எடுத்து வரைந்து, மணியை மறைத்து எனக்கு அனுப்பு. படத்தின் எந்த இடத்தில் கலம் இணைந்தது, எப்போது விளக்கணைத்துத் தூங்கினார்கள் என்று நான் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் மாஸ்க் ரோட்டில் ரமலான் மாதத்து இரவு ஒன்றில் சாப்பாட்டுச் செலவு என்னுடையது.

அன்புடன்,
மாமா