கைமாற்று

எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் அஞ்சல்தலைத் தொகுப்பில் துவாலு என்ற பெயரில் ஒரு பக்கம் இருந்தது. இரண்டு தலைகளில் மீன்கள். ஒன்றில் பாய்மரக் கப்பல். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் உலகப்பட நூலில் அந்த நாட்டைத் தேடி அலுத்தபின் அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஃபிஜிக்கு வடக்கே பென்சில் முனையால் ஓரிடத்தைத் தொட்டார். அச்சகத்தில் தவறி விழுந்த மைத்துளி போல ஒரு புள்ளி. "இங்கே போக எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய மனிதர் அவர். "போகிற செலவு கிடக்கட்டும். போய் இறங்கினால் கையில் என்ன காசு வைத்திருப்பாய்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் விடை தேட வேண்டிவந்தது 2024 ஆகஸ்டில். 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் எஞ்சியிருக்கும் தமிழ்ச் சொற்களைக் கேட்டெழுதி வரலாம் என்று போயிருந்தேன். அவ்வளவு தூரம் போய்விட்டு, மைத்துளியைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. சுவாவிலிருந்து துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டிக்குச் சுமார் 1,100 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டரை மணி நேரம். நான்கு இரவு தங்குவது என்று திட்டம். ஒன்பது தீவுகளும் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு அது. அப்போது அந்த நாட்டில் ஓர் ஏடிஎம் கூட இல்லை. கடையிலும் விடுதியிலும் அட்டை செல்லாது. நாட்டுக்கென்று சொந்த நோட்டும் கிடையாது. ஆஸ்திரேலிய டாலர்தான் அங்கே புழங்கும் பணம். 1976 முதல் நாணயங்களை மட்டும் தம் பெயரில் வெளியிட்டிருக்கிறார்கள். ஆக, இறங்கும்போது மடியில் என்ன இருக்கிறதோ அதுவே கடைசிவரை.

புறப்படுமுன் அந்நியச் செலாவணி முகவரிடம் ஏறத்தாழ 57,000 ரூபாய் கொடுத்து 1,000 ஆஸ்திரேலிய டாலர் வாங்கினேன். அவர் நூறு டாலர் நோட்டுகளாகப் பத்தை எடுத்து நீட்டினார். சிறு தீவில் நூறு டாலருக்குச் சில்லறை கேட்டு நிற்பது எங்கள் ஊர்ப் பேருந்தில் ஐந்நூறு ரூபாயை நீட்டுவதற்கு ஒப்பானது என்று எனக்குத் தோன்றியது. மன்றாடி, பத்து ஐம்பதுகளும் பதினைந்து இருபதுகளும் இருபது பத்துகளுமாக மாற்றிக்கொண்டேன். அம்மா தன் பழைய சுருக்குப்பையை எடுத்துத் தந்தார். வெற்றிலை வாசம் போகாத அந்தப் பையில் ஒரு பங்கு, பெட்டியில் ஒரு பங்கு, சட்டையின் உட்பையில் ஒரு பங்கு. அந்த நோட்டுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. வியர்வையில் நனைந்தாலும் ஊறுவதில்லை. பொருள் தேடப் பிரிவதைப் 'பொருள்வயிற் பிரிவு' என்று வகுப்பில் இருபதாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தவன், பொருளை இடுப்பில் கட்டிக்கொண்டு பிரிந்தேன்.

ஃபுனாஃபுட்டியில் விமானம் இறங்கும் ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்கள் அமைத்தது. விமானம் வரப்போகிறது என்றால் சங்கு ஊதுகிறார்கள். மற்ற நேரத்தில் மக்கள் அதன் குறுக்கே போய்வருகிறார்கள். மாலையில் பிள்ளைகள் அங்கே கைப்பந்து ஆடுகிறார்கள். விடுதிக்கு ஓர் இரவுக்கு 110 டாலர். நான்கு இரவுக்கு 440 டாலரை வந்தவுடன் எண்ணிக் கொடுத்தேன். மோட்டார் சைக்கிள் வாடகை நாளுக்கு 15. காயலுக்கு அப்பால் உள்ள ஆளற்ற திட்டுகளைப் பார்க்கப் போன படகில் என் பங்கு 120. சாப்பாட்டுக்கு நான்கு நாளில் 140 ஆயிற்று. காய்கறியும் அரிசியும் தகரத்தில் அடைத்த மீனும் கப்பலில் வரவேண்டிய இடத்தில் விலை அப்படித்தான் இருக்கும். அஞ்சல்தலைகளுக்கும் ஒரு கிளிஞ்சல் மாலைக்குமாக 80. மீதிச் சில்லறையில் ஆஸ்திரேலிய நாணயங்களோடு துவாலுவின் ஐம்பது சென்ட் ஒன்றும் வந்தது. ஒருபுறம் எலிசபெத் அரசி, மறுபுறம் எட்டுக் காலையும் விரித்த பேய்க்கணவாய்.

ஒவ்வொரு இரவும் கட்டிலில் நோட்டுகளைப் பரப்பி எண்ணினேன். அட்டை வைத்திருக்கும் ஊரில் செலவு என்பது மாதக் கடைசியில் வந்துசேரும் ஒரு செய்தி. இங்கே அது கண்முன் மெலிந்துகொண்டே வரும் ஓர் அடுக்கு. ஒரு குளிர்பானம் வாங்குமுன் நான் யோசித்ததுபோல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு என்றுமே யோசித்ததில்லை. கடைசி நாளன்று 160 டாலர் மிச்சம். அப்பாவுக்கு விடை சொல்லிவிட்ட நிறைவோடு பெட்டியைக் கட்டினேன்.

அன்று சங்கு ஊதவில்லை. வானிலை சரியில்லை என்று விமானம் இரத்தாகிவிட்டது. அடுத்தது மூன்று நாள் கழித்துத்தான் என்றார்கள். மூன்று இரவுக்கு 330 டாலர்; அதற்குமேல் சாப்பாடு. வங்கிக்குப் போய் என் அட்டையைக் காட்டினேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் அதை இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வருத்தம் தெரிவிக்கும் புன்னகையோடு திரும்பத் தந்தார். இந்தியாவிலிருந்து யாராவது பணம் அனுப்பினாலும் அது வந்துசேருமுன் நான் போய்ச்சேர்ந்துவிடுவேன். என் கணக்கில் பணம் இருந்தது, என்னிடம் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வெயிலில், வங்கிப் படியில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்பது எனக்கு எளிதன்று. எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் அப்பாவுக்குப் பற்று நோட்டு உண்டு. மாதத்தின் கடைசி வாரத்தில் நோட்டோடு என்னைத்தான் அனுப்புவார்கள். கடைக்காரர் நல்லவர், இல்லை என்று சொன்னதே இல்லை. ஆனால் பொருளை நிறுக்குமுன் நோட்டின் பக்கங்களை மெதுவாகப் புரட்டுவார். அருகில் நிற்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவன் என் வகுப்பு மாணவன். அந்தப் பக்கங்கள் புரளும் ஓசையை இன்றும் என்னால் கேட்க முடியும். வேலை கிடைத்த முதல் மாதம் அந்த நோட்டைத் தீர்த்துவிட்டு, இனி எந்தக் கடையிலும் என் பெயரில் பற்று இராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபதாண்டுகளாக அதைக் காப்பாற்றியும் வந்தேன்.

விடுதிக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். கணவர் ஜெர்மானியக் கப்பல்களில் மாலுமியாக இருந்து காலமானவர். அவர் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். முன்கூட்டியே மனத்துக்குள் ஒத்திகை பார்த்த ஆங்கில வாக்கியங்கள் பாதியில் சிக்கிக்கொண்டன. நூறு டாலரை மேசையில் வைத்து, மீதி 230 டாலரைச் சுவா போனவுடன் எப்படியாவது அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி, கடவுச்சீட்டின் நகலையும் கையெழுத்திட்ட ஒரு தாளையும் நீட்டினேன்.

அவர் தாளைத் தொடவில்லை. கையில் மாவு. "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்களை எனக்குத் தெரியும்" என்றார்.

"ஐந்து நாள்தானே ஆயிற்று?"

"ஐந்து நாளும் காலையில் உங்கள் படுக்கையை நீங்களே மடித்து வைத்தீர்கள். சாப்பிட்டாயிற்றா?"

அந்த மூன்று நாளும் அவர்கள் வீட்டு உணவுதான். மீன், தேங்காய், சதுப்புக் குழிகளில் விளைவிக்கும் புலாகா என்ற கிழங்கு. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய கலேவே என்ற இனிப்பு நீரையும் ஒரு நாள் தந்தார். நம் பதநீருக்கு நெருங்கிய உறவு. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன். மாலையில் ஓடுதளத்தின் ஓரம் அந்த அம்மையாரின் அண்ணனோடு உட்கார்ந்திருப்பேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் நிலையைக் கேட்டு அவர் சிரித்தார். "எங்கள் நாடே உங்களைப் போலத்தான். வெளியிலிருந்து கொண்டுவந்ததை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறோம்."

அவர் சொன்னது மிகையன்று. கப்பலில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், அயல்நாட்டுக் கப்பல்கள் மீன்பிடிக்கச் செலுத்தும் உரிமக் கட்டணம், '.டிவி' என்ற இணைய முகவரியின் வாடகை ஆகியவை அந்நாட்டின் முக்கியமான வரவுகள். இவற்றோடு 1987 இல் தொடங்கிய துவாலு அறக்கட்டளை நிதியும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் முதலிய நாடுகள் தந்ததும் துவாலுவின் பங்குமாக 2 கோடியே 71 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் முதலில் போடப்பட்டது. அதில் இரண்டு கணக்குகள். முதல் தொகை ஒரு கணக்கில் கிடக்கும். விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாக அது வளர்ந்தபின் மிஞ்சும் வருமானம் மட்டுமே மற்றக் கணக்குக்குப் போகும். அரசு எடுத்துச் செலவு செய்வது அதிலிருந்துதான். "முதலில் கை வைக்காதே" என்று அப்பா சொல்லாத வாரமில்லை. அவருக்குப் பெரும்பாலும் முதலே இருந்ததில்லை என்பது வேறு கதை.

அண்டை வீட்டாரை உறவாக எண்ணிப் பார்த்துக்கொள்வதற்கு அவர்கள் மொழியில் ஃபலேபிலி என்று ஒரு சொல் உண்டு என்றும் அவர்தான் சொன்னார். ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023 நவம்பரில் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அந்தச் சொல்லைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். தமிழில் இதற்கு என்ன சொல் என்று கேட்டார். ஒற்றைச் சொல் எனக்குக் கிட்டவில்லை. ஆனால் அவர் தங்கை எனக்குச் செய்ததற்குச் சொல் இருந்தது. கைமாற்று. வட்டியில்லை, பத்திரமில்லை, நாள் குறிப்பதில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். கடன் என்ற சொல்லுக்கு உள்ள கனம் அதற்கில்லை.

பணத்தை எப்படிச் சேர்ப்பிப்பது என்ற சிக்கலையும் அம்மையாரே தீர்த்தார். அவருடைய தமக்கை மகன் சுவாவில் படிக்கிறான். மாதந்தோறும் அவனுக்கு அவர் பணம் அனுப்ப வேண்டும். அவனிடம் கொடுத்துவிட்டால் போதும் என்றார். சுவாவில் இறங்கி ஏடிஎம்மில் எடுத்த 345 ஃபிஜி டாலரை, அதாவது 230 ஆஸ்திரேலிய டாலருக்கு அன்று ஈடானதை, ஒரு தேநீர்க் கடையில் வைத்து அவனிடம் எண்ணிக் கொடுத்தேன். அவன் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டான். இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நகரத்தார் நடத்திய உண்டியல் முறை இதுவேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓரூரில் கொடுத்ததை இன்னோரூரில் பெற்றுக்கொள்வது. பணம் கடல் தாண்டுவதில்லை, சொல்தான் தாண்டுகிறது.

2025 ஏப்ரல் 15 அன்று ஃபுனாஃபுட்டியில் துவாலுவின் முதல் ஏடிஎம்கள் திறக்கப்பட்டன. செய்தியைப் படித்ததும் அந்த இளைஞனுக்கு எழுதினேன். அத்தைக்கு இனி வங்கி வரிசையில் காத்திருக்க வேண்டாம் என்று பதில் எழுதியிருந்தான். மகிழ்ச்சியாக இருந்தது. இயந்திரம் இல்லாத ஊரில் நான் ஒருமுறை நெகிழ்ந்துபோனேன் என்பதற்காக, அங்கே வாழ்கிறவர்கள் மாதாமாதம் வரிசையில் நிற்க வேண்டும் என்று விரும்புவது நியாயமன்று. ஆயினும் அங்கே போக எண்ணும் நண்பர்களுக்குச் சொல்வேன்: புதிய இயந்திரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தங்கும் நாட்களைப்போல் இருமடங்கு நாட்களுக்கு வேண்டிய பணத்தைச் சிறு நோட்டுகளாகக் கொண்டுபோங்கள்.

ஊர் திரும்பியபின் அப்பாவின் வரவு செலவு நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தேன். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முன்பே ஒருமுறை புரட்டியிருக்கிறேன். கடைசிப் பக்கங்களில் 'கைமாற்று' என்ற தலைப்பின்கீழ் பெயர்களும் தொகைகளும் இருக்கும். பத்து, பதினைந்து, ஒரு முறை நாற்பது. எல்லாம் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்தவை. பாதிக்குமேல் அடிக்கப்படவே இல்லை. மளிகைக் கடையில் பற்று வைத்துக்கொண்டு ஊராருக்குக் கொடுத்த மனிதரை நினைத்து அன்று எரிச்சல்தான் வந்தது. கணக்குத் தெரிந்தவர் வசூலிக்கத் தெரியாமல் போனாரே என்று.

இம்முறை அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு பக்கத்தில் மளிகைக் கடைக்காரரின் பெயரும் இருந்தது. 25 ரூபாய். அதுவும் அடிக்கப்படவில்லை.