ரெண்டு நாளைக்கு மட்டும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. போன தேய்பிறை அஷ்டமி பூஜைக்கு வந்தப்ப நாலஞ்சு பேர் என்கிட்ட கேட்டீங்க, "அங்கள், நீங்களா நாய் வளக்கிறீங்க?"ன்னு. சிரிச்சிட்டு போயிட்டேன். கேட்டதுல தப்பு இல்ல. கோயில்ல நாயைக் கண்டாலே வெளக்குமாறு எடுக்குற ஆளு நான்தான். அதனால நடந்ததை மறைக்காம எழுதுறேன்.

கோயில் தொண்டு செய்யிற எல்லாருக்கும் தெரியும், வருஷத்துல ரெண்டு மூணு தடவையாவது யாராவது நாய்க்குட்டிகளைப் பெட்டியில வச்சி வாசல்ல விட்டுட்டுப் போயிடுவாங்க. "கோயில்னா சோறு கெடைக்கும், சாமி பாத்துக்கும்"னு நெனைப்பு. பாக்குறது சாமி இல்ல, எங்கள மாதிரி ஆளுங்கதான். நான் எப்படி பாத்தேன்னு சொல்லட்டுமா? பெட்டியைத் தூக்கி கார்ல வச்சி, பசார் பின்பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வந்திருக்கேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மீன் கடை, கோழிக் கடை இருக்கு, பொழைச்சிக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அஞ்சு மாசத்துக்கு முன்னால ஒரு வெள்ளிக்கிழமை, சாயரட்சை முடிஞ்சி நல்ல மழை. செருப்பு வைக்கிற எடத்துல ஒரு மைலோ அட்டைப் பெட்டி. உள்ள ரெண்டு குட்டி. ரெண்டுமே பெட்டை. பெட்டைன்னா குட்டி போடும்னுதான் தூக்கிப் போடுறது. ஒண்ணை நம்ம காவடிக் குழு தம்பி ஒருத்தர் சட்டைக்குள்ள வச்சிக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போயிட்டார். மிச்சம் ஒண்ணு, செம்பட்டை நிறம், நனைஞ்ச துணி மாதிரி கெடந்துச்சி. நான் கார் சாவியை எடுத்தேன். பூ கட்டுற பாட்டி பாத்துட்டு, "எங்கய்யா கொண்டு போற?"ன்னாங்க. பசாருக்குன்னேன். "அங்க யாருப்பா இதுக்குத் தெரிஞ்சவங்க?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். திட்டல, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் அதுக்கு மேல கார் ஓட்ட முடியல.

ஏன் முடியலன்னு சொல்லணும்னா பழைய கதைக்குப் போகணும்.

நான் தோட்டத்துல பொறந்தவன். 1877-ல இங்க நட்ட கித்தா மரங்கள்ல ஒண்ணு இன்னும் நம்ம கோலா கங்சார் டவுன்ல நிக்குது, எல்லாருக்கும் தெரியும். அதுலேர்ந்து வந்த தோட்டங்கள்லதான் நம்ம தாத்தா, அப்பா காலமெல்லாம் போச்சி. லயத்துல நாய் இல்லாத வீடே கெடையாது. விடியறதுக்கு முன்னால தலையில வெளக்கைக் கட்டிக்கிட்டு அப்பா அம்மா மரம் வெட்டப் போவாங்க, எங்க கருப்பன் முன்னால ஓடும். பாம்பு கெடந்தாலும் காட்டுப் பன்னி நின்னாலும் அதுதான் மொதல்ல கொலைக்கும். யாரும் அதை "வளக்கிறோம்"னு சொன்னதில்ல. அதுவும் வீட்டுல ஒரு ஆளு.

1982-ல தோட்டத்தை வித்துட்டாங்க. எனக்கு 12 வயசு. டவுன்ல ஒரு சின்ன வாடகை வீடு கெடைச்சது, நாய் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். சாமான் ஏத்துன லாரிக்குப் பின்னால நான் உக்காந்திருந்தேன். கருப்பன் மெயின் ரோடு வரைக்கும் ஓடி வந்துச்சி. அப்பா திரும்பிப் பாக்கல. நானும் கூப்பிடல. அது ஒண்ணுதான் இத்தனை வருஷமா உள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சி. நாய் வேணாம், நாய் வேணாம்னு நான் சொன்னதுக்குக் காரணம் நாய் பிடிக்காம இல்ல.

சரி, குட்டியைக் கூட்டிட்டு வந்தேன். வீட்டுல கேட்டைத் தொறக்கும்போதே மனைவி, "என்னங்க இது? பூஜை அறை இருக்கிற வீடு"ன்னாங்க. "ரெண்டு நாளைக்கு மட்டும், யாராவது கேப்பாங்க"ன்னேன். பின்னால துணி தொவைக்கிற எடத்துல கோணி போட்டுப் படுக்க வச்சோம். மகள் மட்டும் அன்னைக்கே பேர் தேட ஆரம்பிச்சிட்டா. "பைரவின்னு வைப்போம்ப்பா"ன்னா. மனைவி ஒத்துக்கல. "சாமி பேரை வச்சிட்டு, செருப்பைக் கடிச்சா எப்படித் திட்டுறது?"ன்னாங்க. கடைசியில மணின்னு ஆச்சி.

அடுத்தது பக்கத்து வீட்டு பாக்சிக். நல்ல மனுஷன், எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வந்தவர். நாய் எச்சில் பட்டா அவங்க முறைப்படி ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண் கலந்த தண்ணியில. அது அவருக்குத் தொல்லை ஆகக் கூடாதுன்னு மறுநாள் காலையில நானே போய்ச் சொன்னேன். "தா அபா, அசால் தா மாசோக் ருமா சாயா"ன்னார். என் வீட்டுக்குள்ள வராம இருந்தா சரி, அவ்வளவுதான் அவர் கேட்டது. அன்னைக்கு மத்தியானமே வேலி ஓரமா கம்பி வலை அடிச்சேன்.

நாலாம் நாள், நான் ராத்திரி ஷிப்ட் முடிச்சி வரும்போது குட்டி எழுந்திருக்கல. வாந்தி. பின்னால போனதுல ரத்தம். நான் பாலைக் கொடுத்ததாலதான்னு நெனைச்சேன். மாட்டுப் பாலு குட்டிக்கு ஒத்துக்காதுன்னு மகள் ஏற்கனவே சொல்லியிருந்தா. ஈப்போவுல ஒரு மிருக டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் பரிசோதனை பண்ணிட்டுப் பார்வோன்னாங்க. குடலைத் தாக்குற வைரஸ். அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கெடையாதாம். டிரிப் ஏத்தி, வாந்தியை நிறுத்தி, குட்டி தானா எதிர்த்து நிக்கிற வரைக்கும் உயிரைப் பிடிச்சி வைக்கிறதுதான் வைத்தியம். பல்லைப் பாத்துட்டு ஆறு வாரம் இருக்கும்னு சொன்னாங்க. இந்த வயசுலதான் அதிகமாத் தாக்குமாம்.

வெளிய வந்து காவடிக் குழு தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, அது முந்தாநேத்தே போயிடுச்சி. என்னன்னே தெரியல, ஒரே ராத்திரியில"ன்னு அழுதார். நானும் அங்கயே நின்னுட்டேன். பசார்ல நான் விட்டுட்டு வந்த குட்டிங்க ஞாபகம் வந்துச்சி. ஒண்ணுகூட அப்புறம் கண்ணுல பட்டதில்ல. பொழைச்சிக்கும்னு நான் சொன்னதெல்லாம் பொய்.

நாலு நாள் கிளினிக்ல கெடந்துச்சி. பில் 860 வெள்ளி. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் செஞ்சேன். வீட்டுக்கு வந்த பிறகு, தொழிற்சாலையில ஷிப்ட் புத்தகம் எழுதுற மாதிரி ஒரு நோட்டுல எழுதினேன். எத்தனை மணிக்குத் தண்ணி, எவ்வளவு சோறு, வாந்தி உண்டா இல்லையா. நான் வேலைக்குப் போற நேரத்துல மனைவி எழுதினாங்க. டாக்டர், அவிச்ச கோழியும் சோறும் கொடுக்கச் சொன்னாங்க. எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை கவிச்சி சமைக்க மாட்டோம். அந்த வெள்ளிக்கிழமை பாத்தா, மனைவி பின்னால பழைய அடுப்பை வச்சி, தனிச் சட்டியில கோழி அவிச்சிக்கிட்டு இருக்காங்க. "என்ன பாக்குறீங்க? புள்ள பசியா இருக்குது"ன்னாங்க. அதோட அந்த "ரெண்டு நாள்" கதை முடிஞ்சிடுச்சி. பாக்சிக்கூட வேலி அந்தப் பக்கம் நின்னு, "சூடா சிஹாட்?"னு ரெண்டு தடவை விசாரிச்சார்.

இப்ப பக்தர்கள் கிட்ட சில வேண்டுகோள்.

மொதல்ல, குட்டிகளைக் கோயில்ல போடாதீங்க. பார்வோ கிருமி மண்ணுலயும் தரையிலயும் மாசக் கணக்குல உயிரோட இருக்கும். நாங்க வாசலைக் குளோராக்ஸ் ஒரு பங்கு, தண்ணி முப்பது பங்கு கலந்து கழுவினோம். அடுத்து அங்க வர்ற குட்டிக்கும் ஒட்டக் கூடாதுன்னுதான். 2015-ல வந்த விலங்கு நலச் சட்டமும் இருக்கு. மிருகத்தைக் கொடுமைப்படுத்தினா 20,000 வெள்ளியிலேர்ந்து 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் சிறையும் கிடைக்கலாம்.

ரெண்டாவது, வீட்டுல பெட்டை நாய் இருந்தா கருத்தடை செஞ்சிடுங்க. ரெண்டே மாசத்துல குட்டி போட்டுடும், வருஷத்துக்கு ரெண்டு தடவை போடும். மைலோ பெட்டி அங்கதான் தொடங்குது. மணிக்கு அடுத்த மாசம் டாக்டர் நாள் கொடுத்திருக்காங்க.

மூணாவது, குட்டி வாங்கினா ஆறு, எட்டு வாரத்துல மொதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகுற வரைக்கும். பூச்சி மருந்தும் கொடுக்கணும். கவுன்சில்ல நாய் லைசன்ஸ் எடுத்து, வில்லையைக் கழுத்துல மாட்டுங்க.

நாலாவது, இது கோயிலுக்கு வர்றவங்களுக்கு முக்கியம். பிரசாதத்தை நாய்க்குப் போடாதீங்க. சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தத்துல போடுற உலர்ந்த திராட்சை நாயோட சிறுநீரகத்தைக் கெடுத்துடும். நானும் புண்ணியம்னு நெனைச்சி எத்தனையோ தடவை போட்டிருக்கேன். இப்பத்தான் தெரியுது.

ராத்திரி நடை சாத்துனதும் சாவியைப் பைரவர் காலடியில வைக்கிறது நம்ம வழக்கம். எத்தனையோ ராத்திரி நான் நின்னு பாத்திருக்கேன். அவர் பக்கத்துல நிக்கிற நாயை மட்டும் நான் கவனிச்சதே இல்ல. மகாபாரதத்துல தர்மர் கடைசிப் பயணம் போறப்ப, கூட வந்த நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வர மாட்டேன்னு நின்னார். சின்ன வயசுல அந்தக் கதையைக் கேட்டுட்டு, அடுத்த வருஷமே நான் லாரியில ஏறி வந்துட்டேன். தர்மர் அளவுக்கு நான் இல்ல. ஆனா ஒண்ணை இந்தத் தடவை விடல.

மணி இப்ப நல்லா இருக்கு. என்னோட வேலைச் செருப்பு ரெண்டு ஜோடி போச்சி. நான் மொதல் ஷிப்டுக்கு அஞ்சு மணிக்குக் கெளம்பும்போது எழுந்து கேட் வரைக்கும் வரும். "உள்ள போ, சாயங்காலம் வந்துடுவேன்"னு சொல்லிட்டுதான் காரை எடுக்கிறேன்.

கோயில் வாசல்ல மறுபடியும் பெட்டி இருந்தா எனக்குக் கூப்பிடுங்க. பசாருக்குக் கொண்டு போக மாட்டேன். எல்லாத்தையும் என் வீட்டுல வச்சிக்க எனக்கும் முடியாது. ஊசிக்கும் மருந்துக்கும் நான் உதவி பண்றேன், வளக்க மனசு உள்ளவங்க கை தூக்குங்க.

எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கவும்.